கேமராவுக்கு வெள்ளெழுத்து

தில்லி முனிர்காவில் ஜனவரி வெயில் மத்தியானத்துக்கு மேல்தான் மொட்டை மாடி ஏறி வரும். வந்தாலும் எல்லா மாடிக்கும் ஒரே மாதிரி வராது. எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பியதிலிருந்து உஷாராணிக்குக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலம். பச்சைப் பட்டாணி உரிப்பது, ஸ்வெட்டர் காய்வது, உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டில் இளகுவது, கல்லூரிக்குப் போகும் மகள் ஷ்வேதா தலை உலர்த்துவது எல்லாம் அந்த ஒரு பாய்க்குள்தான்.

அன்றைக்கு அந்த இடத்தை ஒரு நீல டிரம் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தான் அவள் கணவன் ஜெயசீலன்.

"கெடச்சுதா?" என்று கேட்டாள் உஷாராணி, பட்டாணித் தோலை ஒதுக்கிக்கொண்டே.

தலை வெளியே வந்தது. காதோரம் தண்ணீர் சொட்டியது. கையில் பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டிய போன். "அடியில அஞ்சு ரூவாக் காசு கெடக்கு. தள்ளி வச்சா காசுன்னு தெரியுது. கிட்ட கொண்டு போனா கொழகொழன்னு ஆயிருது."

"அப்போ கமிட்டிக்காரவொ காசுன்னு சொல்லுவாவளா, கொழுக்கட்டைன்னு சொல்லுவாவளா?"

"ஏட்டி, நான் குளிர்ல செத்துக்கிட்டு நிக்கேன். உனக்குச் சிரிப்பு வருது."

"செத்தா போனீய? துண்டு அங்கன கெடக்கு, தொவட்டுங்க. மூக்கு செவந்து போச்சு."

ஷ்வேதா காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள். "அப்பா, போன்ல நஹீ ஹோகா. நான் சொன்னேன்ல? அண்டர்வாட்டர் கேமரா வேணும். க்ளோஸ்-அப் எடுக்கறது."

"கேமரா மரத்துலயா காய்க்குது?" என்றான் ஜெயசீலன். ஆனால் கண் உஷாராணியைத்தான் பார்த்தது.

ஜெயசீலன் தூத்துக்குடிக்காரன். கடற்படையில் முக்குளிப்பவனாகப் பதினைந்து வருடம் இருந்தான். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டியிருக்கிறான். இருட்டான துறைமுகத் தண்ணீருக்குள் கையால் தடவியே விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறான். அந்தப் பதினைந்து வருடமும் உஷாராணி ஏரலில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஷ்வேதா முதல் அடி எடுத்து வைத்ததை அவன் போட்டோவில் பார்த்தான். முதல் பல் விழுந்ததைப் போனில் கேட்டான். ஓய்வுபெற்றதும், பழைய அதிகாரி ஒருவர் சொல்லி, தில்லியில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் காவலர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்துதான் இவர்கள் மூன்று பேரும் ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்னும் குடும்பம் ஆனார்கள்.

தில்லியில் குளிர்காலத்துக்குக் குளத்தை மூடிவிடுவார்கள், மார்ச் பிறந்தால் திறப்பார்கள். இந்த முறை மூடும்போதே, திறக்கும்போது புது கான்டிராக்டரின் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சேதி எப்படியோ மும்பையிலிருந்த மதியழகனுக்கு எட்டியது. கடற்படையில் ஜெயசீலனோடு ஒரே கயிற்றில் இறங்கியவன். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டான். மூன்று மாதம் கடல், ஒரு மாதம் வீடு. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றான்.

"நல்ல வேலதான்," என்றான் ஜெயசீலன் அன்றைக்கு.

"நல்ல வேலதான். வேற நல்ல ஆளாப் பாத்துக்கிடச் சொல்லுங்க. நீங்க போக வேண்டாம்," என்றாள் உஷாராணி.

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. சரோஜினி நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவது, திருகு முடுக்குவது, எழுத்துப் பலகையைக் காட்டி வயதானவர்களைப் படிக்கச் சொல்வது. அங்கே வழக்கமாக வருகிற பத்மநாபன், வசந்த் குஞ்சில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவர் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துக்கொண்டே புலம்பினார். நிலத்தடித் தொட்டி எங்கேயோ கசிகிறது. ராத்திரி நிரப்பினால் காலையில் ஒரு முழம் இறங்கிவிடுகிறது. காலிசெய்து பார்க்கலாமென்றால், யமுனையில் அமோனியா கூடிவிட்டதென்று குழாயில் பாதி நாள் தண்ணீரே வருவதில்லை. இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு நூறு வீடும் என்ன செய்யும்? தொட்டியைப் பார்க்க வந்த கான்டிராக்டரோ, மொத்தத் தளத்தையும் உடைத்துப் போட வேண்டும் என்கிறான்.

"தண்ணிய எறக்காமலே உள்ள போய்ப் பாக்க எங்க வீட்டுக்காரவொ இருக்காவ சார்," என்றாள் உஷாராணி.

அப்படித்தான் ஜெயசீலன் போய் ஒரு முறை முங்கிப் பார்த்தான். உள்ளே வருகிற குழாயின் கழுத்தடியில் மயிரிழை விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தான். வெளியே வந்து சொன்னான். கமிட்டியில் சாவ்லா என்றொருவர், "நீங்கள் சொல்கிறீர்கள், நாங்கள் எப்படி நம்புவது?" என்று இந்தியில் கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை. பொதுப் பணம். பத்மநாபன்தான் ஒரு வழி சொன்னார். அதே கடைசி ஞாயிறுதான் கமிட்டி கூடுகிறது. விரிசலை டிவியில் கண்ணால் பார்த்தால் அவனிடமே பழுது வேலையைத் தருவார்கள். சுற்றி இருக்கிற சங்கங்களுக்கும் அவரே சொல்வார். எல்லா இடத்திலும் இதே கதைதானே!

உஷாராணி பட்டாணிக் கிண்ணத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"வாஷிங் மெஷினுக்குன்னு எடுத்து வச்சது இருக்குல்லா? அதுக்குள்ள எந்த கேமரா அமையுமோ அத வாங்குவோம்."

"அம்மா! துணி?" என்றாள் ஷ்வேதா.

"கை இருக்குல்லா ரெண்டு? உங்கப்பாவுக்கும் ரெண்டு இருக்கு."

மறுநாள் அவள் கடைக்கு விடுமுறை. மூவரும் மெட்ரோ பிடித்துச் சாந்தினி சௌக்கில் கேமராக் கடைகள் இருக்கும் சந்துக்குப் போனார்கள். ஒரு ஆள் வந்தால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்து. தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகள் சிக்குப் பிடித்த கூந்தல் மாதிரி தொங்கின. ஜெயசீலன் பார்த்ததெல்லாம் பெரிதாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கனத்த கேமரா ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு வைக்க மனமில்லாமல் நின்றான்.

"நேவியில இதுதான் வச்சிருந்தோம்," என்றான்.

"நேவிக்கு வாஷிங் மெஷின் வேண்டாம். கீழ வைங்க," என்றாள் உஷாராணி.

கடைக்காரர் அடுத்து இரண்டைக் காட்டினார். ஒன்று, தானே தண்ணீருக்குள் இறங்கும் சின்ன கேமரா. பொருளை ஒட்டி வைத்தாலும் தெளிவாகப் பிடிக்கும். பழையதாக வாங்கினால் இவர்கள் கைக்கு எட்டும், ஆனால் அதோடு பணம் தீர்ந்துவிடும், விளக்குக்கு மிஞ்சாது. இன்னொன்று, பைக் ஓட்டும் பையன்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்கிற தீப்பெட்டி கேமரா. பழையது. தண்ணீருக்கான பெட்டியும் சேர்த்துப் பாதி விலை.

"இது வேண்டாம்," என்றான் ஜெயசீலன். "ஒரு அடிக்கு உள்ள போனா இதுல ஒண்ணும் தெரியாது. அந்தத் தொட்டியில தண்ணி கலங்கல். ஒரு அடி தள்ளி நின்னா விரிசல் தெரியாது, மூடுபனிதான் தெரியும். விரல் தூரத்துக்குப் போகணும்."

உஷாராணி அந்தத் தீப்பெட்டியை வாங்கி, கடைக்காரரின் விலாச அட்டைக்கு முன்னால் பிடித்தாள். திரையில் எழுத்து கலங்கியது. தள்ளினாள், தெளிந்தது. மறுபடி கிட்டே கொண்டுபோனாள், கலங்கியது. தினமும் கடையில் அவள் பார்க்கிற காட்சிதான். பத்திரிகையைக் கையெட்டும் தூரம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, 'எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று வாதாடுகிறவர்கள்.

"ஏங்க, இதுக்கு வெள்ளெழுத்து," என்றாள்.

"என்னது?"

அவள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி கேமராவின் கண்ணுக்கு முன்னால் வைத்தாள். எழுத்து கொஞ்சம் கிட்டே வந்தும் தெரிந்தது. "உங்களத குடுங்க." அவன் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கி அதன்மேல் அடுக்கினாள். இன்னும் கிட்டே. கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாபிஜி, அதற்கென்றே சாமான் இருக்கிறது," என்று இந்தியில் சொல்லி, கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு வட்ட லென்ஸை எடுத்தார். பிளஸ் பத்து. பெட்டியின் முகத்தில் திருகி மாட்டுவது.

உஷாராணி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள போனா லென்ஸுக்குப் பவர் செத்துப்போகுமே. கேளு ஷ்வேதா."

ஷ்வேதா கேட்டாள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்றை அடைத்து மூடியது, தண்ணீரில் பவர் குறையாது என்றார் கடைக்காரர். அப்படியென்றால் சரி.

மிச்சப் பணத்துக்கு விளக்கு. அதில் ஜெயசீலன் யார் பேச்சையும் கேட்கவில்லை. அகலமாக, ஒரே சீராக வெளிச்சம் விழுகிற விளக்குதான் வேண்டும் என்றான். கேமராவையும் விளக்கையும் தள்ளித் தள்ளி மாட்ட இரண்டு கைப்பிடியுள்ள ஒரு தகட்டையும் வாங்கினான்.

"ஏன் தள்ளி?" என்று கேட்டாள் ஷ்வேதா.

"பனியில கார்க்காரன் ஹை பீம் போட்டா என்ன தெரியும்?"

"வெள்ளையா... குச் நஹீ."

"அதான். வெளிச்சம் பக்கத்துல இருந்து சாஞ்சு விழணும். நேர அடிச்சா தண்ணியில கெடக்க தூசி எல்லாம் மின்னும்."

திரும்பும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வாங்கினார்கள். கீழ்வீட்டு அம்மாள் வாசனைக்கு மூக்கைச் சுளிப்பாள், சுளிக்கட்டும் என்றாள் உஷாராணி.

அந்த வாரம் முழுக்க நீல டிரம்தான். முதலில் கேமராவை எடுத்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, டிரம்முக்குள் அமிழ்த்தி மேலே செங்கல் வைத்தான் ஜெயசீலன். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தான். காகிதம் மொறுமொறுவென்று இருந்தது. ஷ்வேதாவின் உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலைத் தகட்டில் கட்டினான். ஸ்கேலின் நுனி சுவரைத் தொட்டால் தூரம் சரி என்று அர்த்தம். கலங்கலில் திரையைப் பார்க்க முடியாதே. ஐந்து ரூபாய்க் காசில் சிங்கத்தின் பிடரி மயிர் தெரிந்தபோது, அவன் டிரம்முக்குள்ளேயே கத்தினான். குமிழி குமிழியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை, பனிதான். உஷாராணி விடியலிலேயே எழுந்து சுக்குக் காப்பி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றினாள். இட்லிக்கு மிளகாய்ப் பொடி குழைத்தாள். மேஜையில் கேமராப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் விளிம்பிலிருந்த கறுப்பு ரப்பர் வளையம் வறண்டு வெளுத்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. குக்கர் கேஸ்கட் வறண்டால் என்ன செய்வாள்? அடுப்பருகே இளகி நின்ற தேங்காய் எண்ணெயில் விரலைத் தொட்டு வளையத்தைச் சுற்றி ஒரு பூச்சு பூசினாள். பளபளவென்று ஆகிவிட்டது. கேமராவை வைத்து மூடி, பையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. குக்கருக்கு எண்ணெய் போட்டதை யாரிடமாவது சொல்கிறோமா?

வசந்த் குஞ்சில் பூங்காவின் மூலையில் தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் மப்ளரும் குல்லாயுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே என்று, ஜெயசீலன் தன் உடுப்பையும் கால் துடுப்பையும் குளோரின் தண்ணீரில் எல்லாரும் பார்க்க அலசினான். வாடகை சிலிண்டரை முதுகில் மாட்டினான். இடுப்பில் கயிறு. அதன் மறுமுனையை உஷாராணியின் கையில் கொடுத்தான்.

"ஒரு இழுப்பு?"

"நல்லா இருக்கீய."

"ரெண்டு?"

"கயிறு விடணும்."

"நிறுத்தாம இழுத்தா?"

"அப்படி இழுக்கக் கூடாது."

அவன் சிரித்துவிட்டு இறங்கினான். தண்ணீர் அவனை மூடியது. கயிறு அவள் விரல்களுக்குள் ஊர்ந்தது. இத்தனை வருடம் இந்தக் கயிற்றை மதியழகனோ வேறு யாரோதான் பிடித்திருக்கிறார்கள். அவன் அடியில் நகர்வதும் நிற்பதும் உள்ளங்கையில் தெரிந்தது.

மேலே வந்தபோது உதடு நீலம். ஷ்வேதா பெட்டியைத் திறக்காமலே, தன் போன் வழியாகப் படத்தைச் சங்க அறை டிவியில் போட்டாள். முதலில் சிமெண்டுச் சுவர் வந்தது, மணல் மணியாகத் தெரிந்தது. "அரே வா!" என்றார் சாவ்லா. பிறகு படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திரை ஏறிற்று. நடுவுக்கு வந்தது. குழாயின் கழுத்து வந்தபோது டிவியில் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

ஜெயசீலன் பெட்டியை உயர்த்திப் பார்த்தான். உள்ளே அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் ஆடியது. "டிரம்முல சொட்டு எறங்கலியே!" என்றான்.

உஷாராணி பெட்டியை வாங்கித் திறந்தாள். வளையத்தின் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குருணை. விரலால் தேய்த்தாள். உள்ளங்கைச் சூட்டில் அது உருகியது. அந்த வாசனையை அவளுக்குத் தெரியாதா? தில்லி ஜனவரியில் குளியலறை அலமாரியில் கல்லாகிப்போகும் எண்ணெய், ஐஸ் மாதிரி தண்ணீருக்குள் மட்டும் இளகியா நிற்கும்? குருணை ரப்பரைத் தூக்கிவிட்டது, தண்ணீர் நுழைந்துவிட்டது.

"நான்தான்," என்றாள் உரக்க. "நான்தான் காலையில தேங்காண்ண போட்டேன். கேஸ்கட்டுன்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

ஜெயசீலன் அவளைப் பார்த்தான்.

"நல்ல வேளை, விளக்கெண்ணெய் போடலை," என்றார் பத்மநாபன். "பரவாயில்லைம்மா. கேமரா கெட்டுடுத்தா?"

ஷ்வேதா அதை எடுத்து அழுத்திப் பார்த்தாள். "ஓடுது அங்கிள். கேமராக்குள்ள தண்ணி போகல. முன்னாடி கண்ணாடிதான் தண்ணி பட்டு மங்கிடுச்சு."

சாவ்லா எழுந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார். மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளினார்கள். ஜெயசீலன் சரியென்று தலையசைக்கப் போனான்.

"அடுத்த ஞாயிறு வேண்டாம்," என்றாள் உஷாராணி. அவளுடைய இந்தி எப்போதும் கால் இடறும், அன்று இடறவில்லை. "சாய் குடியுங்கள் சார். குடித்து முடிப்பதற்குள் சரிசெய்கிறேன்." பிறகு திரும்பி, "மாமி, உங்க வீட்ல ஆர்.ஓ. இருக்குல்லா? அதுக்கு வளையத்துல பூசுத பசை இருக்குமா?"

பத்மநாபனின் மனைவி மங்களம் டீ டம்ளர்களோடு அப்போதுதான் வந்திருந்தாள். "ஃபில்டர் மாத்தறவன் ஒரு டியூபை மறந்து வெச்சுட்டுப் போனான். ட்ராயர்ல கெடக்கு. வாயேன்."

மங்களத்தின் சமையலறையில் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டு வளையத்தை மூன்று தரம் கழுவினாள் உஷாராணி. பழைய பல் பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுரண்டினாள். வளையத்தில் ஒட்டியிருந்த ஸ்வெட்டர் நூல் ஒன்றையும் நகத்தால் எடுத்தாள். மங்களம் தன் ஹேர் டிரையரைக் கொடுத்தாள். கண்ணாடிச் சட்டங்கள் வரும் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போடும் சின்னப் பொட்டலம் ஒன்று உஷாராணியின் கைப்பையிலேயே கிடந்தது. அதையும் உள்ளே வைத்தாள். சிலிகான் பசையை அரிசி அளவு எடுத்துத் தடவி மூடினாள். சிங்க்கில் தண்ணீர் பிடித்து அமிழ்த்திப் பார்த்தாள். குமிழி வரவில்லை.

"மாமி, கொஞ்சம் மஞ்சப் பொடி. ஊசி போடுத சிரிஞ்சு இருக்கா?"

"ரெண்டும் இருக்கு. எதுக்குடி?"

"அவ்வொளுக்குத் தெரியும்."

கீழே அவள் சிரிஞ்சை நீட்டியதுமே ஜெயசீலனுக்குப் புரிந்தது. அவன் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். அவள் ஃபிளாஸ்கைத் திறந்து சுக்குக் காப்பியை வாயருகே பிடித்தாள்.

"முடியுமா? முடியலன்னா சொல்லுங்க. வைராக்கியத்துல எறங்க வேண்டாம்."

"கயிறு யாரு கையில?"

"எங் கையிலதான்."

"அப்ப முடியும்."

அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவனுடைய போன் அவள் கோட்டுப் பைக்குள் அதிர்ந்தது. மதியழகன். அவள் எடுக்கவில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. போன் அடித்து ஓய்ந்தது. கயிறு நகர்ந்தது, நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஒரு இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொன்று. இது எதற்கு, நல்லா இருக்கேன் என்று இரண்டாம் தரம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள், புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த முறை டிவியில் குழாயின் கழுத்து தெளிவாக வந்தது. சிமெண்டின் மேல் மயிரிழைக் கோடு. அதனருகே சிரிஞ்சின் மூக்கு. மஞ்சள் புகை மாதிரி ஒரு சொட்டு வெளிவந்து, கலையாமல் அசையாமல் நின்றது. பிறகு மெல்ல நீண்டு நூலாகி, வளைந்து, அந்தக் கோட்டுக்குள் போய் மறைந்தது. அடுத்த சொட்டு. அதுவும் நூலாகி உள்ளே போனது.

சாவ்லா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒருமுறை மறுபடி போடுங்கள்," என்றார். மறுபடி போட்டார்கள். "தளம் முழுவதும் உடைக்கச் சொன்னானே அந்த ஆள்!" என்றார் அவர்.

"நாளைக்கே ஆரம்பிக்கறேளா?" என்று கேட்டார் பத்மநாபன்.

ஜெயசீலன் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினான். பல் அடித்துக்கொண்டதில் பேச்சு வரவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. உஷாராணி எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பெயரைப் பார்த்தான். விறைத்த விரலால் பொத்தானைத் தேய்த்தான், நகரவில்லை. போனை அவள் பக்கமே திருப்பினான்.

"நீயே சொல்லிரு."

"நானா? உங்க சேக்காளி. நீங்க என்ன நெனைக்கீயன்னு..."

"நான்தான் உள்ள இருந்தே சொல்லிட்டேனே, கயித்துல. இங்கனயே நல்லா இருக்கேன்னு."

அவள் போனைக் காதில் வைத்தாள். "மதியண்ணே, உஷா பேசுதேன். இல்லண்ணே, அவ்வொ வரல... கோவிச்சுக்கிடாதீய. தில்லியிலயே முங்குததுக்கு எடம் அமைஞ்சிருச்சு. பழுது பாக்க இங்கன தொட்டி நெறையக் கெடக்கு."

மறுமுனையில் மதியழகன் என்னவோ கேட்டான். அவள் கணவனைப் பார்த்தாள்.

"கயிறு பிடிக்க ஆள் இருக்கான்னு கேக்காவ."

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்து, பிசுபிசுத்த அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை.

"இருக்குன்னு சொல்லு," என்றான் ஜெயசீலன். "ஆனா ரப்பருக்கு எண்ண போடுதாளான்னு நான்தான் பாத்துக்கிடணும்."